குழந்தைக்கு முயற்சி செய்யும் முன்பே டாக்டரைப் பார்க்க வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 29, கணவருக்கு 33. தேனி மாவட்டம். கல்யாணமாகி ஒன்பது மாதம் ஆகிறது. அவர் என் சொந்த அத்தை மகன். தை பிறந்ததும் குழந்தைக்கு முயற்சி செய்யலாம் என்று பேசி வைத்திருக்கிறோம். எனக்கு மூன்று வருடமாகத் தைராய்டு இருக்கிறது, 50 மைக்ரோகிராம் மாத்திரை போட்டு வந்தேன். குழந்தை உண்டாகும்போது உடம்பில் எந்த மாத்திரையும் இருக்கக் கூடாது என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னதால் இரண்டு மாதமாக நிறுத்திவிட்டேன். பீரியட்ஸ் 35, 40 நாளுக்கு ஒருமுறைதான் வருகிறது. கணவரின் அக்காவை என் சித்தப்பாவுக்குத்தான் கட்டிக் கொடுத்தார்கள். அவர்கள் பையனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அதை நினைத்தால் பயமாக இருக்கிறது. எங்கள் இருவருக்கும் ரத்த வகையும் ஒன்றுதான், ஓ பாசிட்டிவ். ஒரு லேபில் 7,500 ரூபாய்க்கு ஏஎம்எச், டார்ச் எல்லாம் சேர்த்து ஒரு பேக்கேஜ் இருக்கிறது என்கிறார்கள், எடுக்கலாமா? நோய் இல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போனால் ஊரில் என்ன நினைப்பார்கள் என்கிறார் அத்தை. கணவர் வேன் ஓட்டுகிறார், புகையிலைப் பழக்கம் உண்டு. “எனக்கு என்ன குறை, நீ போய்ப் பார்த்துட்டு வா” என்கிறார். நான் என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள சகோதரி,

மற்றதெல்லாம் பிறகு பேசலாம், முதலில் அந்தத் தைராய்டு மாத்திரை. நாளைக் காலையில் டிஎஸ்எச் (தைராய்டு ஹார்மோன் குறைந்தால் இந்த எண் ஏறும்) பரிசோதனைக்கு ரத்தம் கொடுங்கள், கொடுத்த கையோடு பழைய மாத்திரையை மறுபடி ஆரம்பித்துவிடுங்கள். ரிசல்ட் வந்ததும் டாக்டரிடம் காட்டினால் பழைய அளவே போதுமா, கூட்ட வேண்டுமா என்று சொல்வார். பக்கத்து வீட்டு அக்கா நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார், ஆனால் இந்த மாத்திரை விஷயத்தில் அவர் சொன்னது முழுத் தவறு. உங்கள் தைராய்டு சுரப்பி கொடுக்க வேண்டிய அதே ஹார்மோன்தான் அந்த மாத்திரையில் இருக்கிறது. வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு முதல் மூன்று மாதம் சொந்தமாகத் தைராய்டு வேலை செய்யாது, அதன் மூளை வளர்வதற்குத் தேவையான ஹார்மோன் அம்மாவிடமிருந்துதான் போக வேண்டும். அம்மாவிடமே குறைவாக இருந்தால் கருச்சிதைவு, குறைமாதப் பிரசவம், குழந்தையின் அறிவு வளர்ச்சியில் பின்னடைவு என்று பல சிக்கல்கள் வரலாம். இன்னொன்று, தைராய்டு குறைவாக இருந்தாலே பீரியட்ஸ் தள்ளித் தள்ளித்தான் வரும், கருமுட்டை ஒழுங்காக வெளிவராது. நீங்கள் சொல்லும் 40 நாள் சுழற்சிக்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

கருத்தரிக்க நினைக்கும் பெண்ணுக்கு, அதுவும் ஏற்கெனவே தைராய்டு மாத்திரை எடுப்பவருக்கு, டிஎஸ்எச் 2.5-க்குக் கீழே இருப்பது நல்லது. லேப் ரிப்போர்ட்டில் 4, 4.5 வரை நார்மல் என்று அச்சடித்திருப்பார்கள், அதைப் பார்த்து நிம்மதியாகிவிட வேண்டாம். மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, குறைந்தது அரை மணி நேரம், முடிந்தால் ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி, டீ. இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரை இருந்தால் அதற்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும், சேர்த்துப் போட்டால் தைராய்டு மாத்திரை உடம்பில் சேராது. ஆறு வாரம் கழித்து மறுபடி டிஎஸ்எச் பாருங்கள். அது சரியான பிறகு முயற்சியைத் தொடங்குங்கள், அது தையானாலும் சரி, மாசியானாலும் சரி.

நீங்கள் நிறுத்தியது தைராய்டு மாத்திரை. இதே பேச்சைக் கேட்டு வலிப்பு மாத்திரையை, சர்க்கரை மாத்திரையை, மனச்சோர்வு மாத்திரையைத் திடீரென்று நிறுத்துபவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்காகவும் சொல்கிறேன். கர்ப்பத்தில் ஆகவே ஆகாத மருந்துகள் உண்டுதான். வலிப்புக்குக் கொடுக்கும் சோடியம் வால்ப்ரோயேட், பிரஷருக்குக் கொடுக்கும் டெல்மிசார்டன், எனலாப்ரில், முகப்பருவுக்குக் கொடுக்கும் ஐசோட்ரெடினாயின், மூட்டு வாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் எல்லாம் அந்தப் பட்டியலில் வரும். கருத்தரிப்பதற்கு முன்பே டாக்டரைப் பார்க்கச் சொல்வதற்கு இதுவே பெரிய காரணம். இவற்றை மாற்றிக் கொடுக்கப் பாதுகாப்பான மருந்துகள் இருக்கின்றன, ஆனால் மாற்றுவதற்கு வாரங்களோ மாதங்களோ பிடிக்கும். தானாக நிறுத்தினால் வலிப்பே வந்து தாய்க்கும் சேய்க்கும் உயிராபத்தாகலாம்.

சரி, “நோய் இல்லாமல் எதற்கு ஆஸ்பத்திரி” என்ற அத்தையின் கேள்விக்கு வருவோம். நம் ஊரில் மாதம் தள்ளிப் போய், இன்னும் பத்து நாள் பார்த்து, அப்புறம் வீட்டிலேயே சிறுநீர்ப் பரிசோதனை செய்து, நல்ல நாள் பார்த்து டாக்டரிடம் வருவதற்குள் கரு உருவாகி நான்கைந்து வாரம் ஓடிவிடும். குழந்தையின் மூளையும் தண்டுவடமும் ஆவதற்கான நரம்புக் குழாய் கரு உருவான 28 நாளுக்குள் மூடிவிட வேண்டும், இதயம் துடிக்கத் தொடங்குவதும் அதற்குள்தான். அதாவது உறுப்புகள் உருவாகும் வேலையில் முக்கியமான பாதி, நமக்குக் கர்ப்பம் என்று தெரிவதற்கு முன்பே நடந்து முடிந்திருக்கும். அந்த நாட்களில் அம்மாவின் ரத்தத்தில் சர்க்கரை அதிகமாக இருந்தாலோ, ஃபோலிக் அமிலம் குறைவாக இருந்தாலோ, ஆகாத மருந்து ஓடிக்கொண்டிருந்தாலோ, பிறகு எவ்வளவு பெரிய டாக்டரைப் பார்த்தாலும் அதைத் திருப்ப முடியாது. அதனால்தான் முன்கூட்டியே வாருங்கள் என்று கெஞ்சாத குறையாகச் சொல்கிறோம்.

அத்தைக்கு இதை எப்படிப் புரியவைப்பது என்றால், ஆடி மாதத்தைச் சொல்லுங்கள். ஆடியில் கருத்தரித்தால் சித்திரை வெயிலில் பிரசவமாகுமே என்று புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போனவர்கள் நம் பெரியவர்கள்தான். பிறக்கப் போகும் பிள்ளைக்காக முன்கூட்டி யோசிப்பது உங்கள் அத்தைக்குப் புதிதல்ல. ஊர் பேசும் என்று பயமிருந்தால், இதற்காகக் கருத்தரிப்பு மையத்துக்கெல்லாம் போக வேண்டாம் என்பதையும் சொல்லுங்கள். வழக்கமாகப் பார்க்கும் மகப்பேறு டாக்டர் போதும், உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையம் போதும், கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டாலே எந்தக் கிழமை டாக்டர் இருப்பார் என்று சொல்லிவிடுவார்.

இன்றைக்கே நீங்கள் தொடங்கக்கூடிய இன்னொரு காரியம் ஃபோலிக் அமிலம். முயற்சி தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பாவது, முடிந்தால் மூன்று மாதம் முன்பே, தினமும் குறைந்தது 400 மைக்ரோகிராம் எடுக்க வேண்டும், கருத்தரித்து முதல் மூன்று மாதம் வரை தொடர வேண்டும். நம் மருந்துக் கடைகளில் அதிகம் கிடைப்பது 5 மில்லிகிராம் மாத்திரை. சர்க்கரை நோய் உள்ளவர்கள், வலிப்பு மருந்து எடுப்பவர்கள், முன்பு தண்டுவடக் குறையோடு குழந்தை பிறந்தவர்கள், இவர்களுக்கு அந்தப் பெரிய அளவுதான் தேவைப்படும். உங்களுக்கு எது என்று டாக்டர் எழுதிக் கொடுப்பார், விலை மிகக் குறைவு. 1991-ல் வெளியான பிரிட்டன் ஆய்வு ஒன்றில், தண்டுவடக் குறையோடு முன்பு குழந்தை பெற்ற பெண்கள் கருத்தரிப்பதற்கு முன்பே ஃபோலிக் அமிலம் எடுத்தபோது, அந்தக் குறை மறுபடி வருவது 72 சதவீதம் குறைந்தது. இவ்வளவு மலிவான மாத்திரையால் இவ்வளவு பெரிய பலன் கிடைப்பது மருத்துவத்தில் அபூர்வம். கீரை சாப்பிடுகிறேனே போதாதா என்று கேட்பார்கள். சாப்பிடுங்கள், நல்லது, ஆனால் கீரையை வேகவைக்கும்போதே அந்தச் சத்தில் ஒரு பகுதி போய்விடும், மாத்திரையை விட்டுவிட வேண்டாம்.

இப்போது நீங்கள் தூங்காமல் யோசிக்கும் விஷயம், காது கேட்காத அந்தப் பையன். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சொந்தத்தில் கல்யாணம் செய்துகொண்டதை இனிமேல் யாரும் குற்றமாகப் பேசிப் பயனில்லை. 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 28 சதவீதக் கல்யாணங்கள் சொந்தத்தில்தான் நடந்திருக்கின்றன, அந்தக் குடும்பங்களில் பெரும்பாலானவற்றில் ஆரோக்கியமான பிள்ளைகள்தான் இருக்கிறார்கள். எந்தத் தம்பதிக்கும் பிறவிக் குறையோடு குழந்தை பிறக்க 100-க்கு 2, 3 வாய்ப்பு உண்டு, அத்தை மகன், மாமன் மகள் கல்யாணத்தில் அது ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. காரணம் இதுதான். நம் ஒவ்வொருவரிடமும் சில மரபணுப் பிழைகள் ஓசையில்லாமல் இருக்கின்றன, மரபணு ஜோடியில் ஒன்று பிழையாக இருந்தாலும் மற்றொன்று சரியாக இருப்பதால் நமக்கு ஒன்றும் ஆவதில்லை. ஒரே தாத்தா பாட்டியின் வழி வந்த இருவர் கல்யாணம் செய்யும்போது, ஒரே பிழை இருவரிடமும் இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. அப்படி இருவரிடமும் இருந்து, குழந்தைக்கு இரண்டு பக்கமும் அந்தப் பிழையே வந்து சேர்ந்தால்தான் குறை வெளியே தெரியும்.

ஆனால் அதற்கு முன்னால் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தப் பையனுக்குக் காது கேட்காததற்குக் காரணம் மரபணுதானா? கணவரின் அக்காவிடம் பக்குவமாகப் பேசிப் பாருங்கள். கர்ப்பத்தின் முதல் மாதங்களில் காய்ச்சலோடு உடம்பில் சிவப்புத் தடிப்பு வந்ததா, குறைமாதத்தில் பிறந்தானா, பிறந்ததும் மஞ்சள் காமாலை அதிகமாகி ரத்தம் மாற்றினார்களா, மூளைக்காய்ச்சல் ஏதாவது வந்ததா? இவற்றில் ஒன்றுக்கு ஆமாம் என்று பதில் வந்தால், உங்களுக்குப் பிறக்கப் போகும் குழந்தைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாமல் போகலாம்.

எதுவும் இல்லை, மரபணுக் காரணம்தான் என்றே வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பையனின் அம்மா உங்கள் அத்தையின் மகள், அப்பா உங்கள் அத்தையின் தம்பி. இரண்டு வழியும் போய்ச் சேருவது அத்தை பிறந்த வீட்டில்தான், அதனால் அத்தையிடம் அந்தப் பிழை இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். அவர் மகனான உங்கள் கணவருக்கு அது வந்திருக்க இரண்டில் ஒரு வாய்ப்பு. அத்தையின் கூடப் பிறந்தவரான உங்கள் அப்பாவுக்கும் இரண்டில் ஒன்று, அவரிடமிருந்து உங்களுக்கு வந்திருக்க நான்கில் ஒன்று. இருவரிடமும் சேர்ந்து இருக்க எட்டில் ஒன்று. இருவரிடமும் இருந்தாலும் ஒவ்வொரு குழந்தைக்கும் குறை வர நான்கில் ஒன்றுதான். ஆக மொத்தம் 32-ல் ஒன்று, 100-க்கு ஏறக்குறைய 3. அந்தப் பிழையைப் பொறுத்தவரை உங்கள் குழந்தைக்குக் காது நன்றாகக் கேட்கவே 100-க்கு 97 வாய்ப்பு இருக்கிறது. நீங்கள் மனதில் நினைத்து வைத்திருந்த எண் இதைவிடப் பெரிதாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

இந்த 3-ஐயும் இன்னும் துல்லியமாக்க வழியிருக்கிறது. பலரும் இங்கேதான் பணத்தை வீணாக்குகிறார்கள். நீங்கள் இருவரும் நேராகப் போய் மரபணுப் பரிசோதனை செய்துகொள்வதில் பயன் குறைவு, எதைத் தேடுகிறோம் என்றே தெரியாமல் தேடுவதாக ஆகிவிடும். முதலில் பரிசோதிக்க வேண்டியது அந்தப் பையனை. பிறவிக் காது கேளாமைக்கு ஜிஜேபி2 என்ற மரபணு ஒரு முக்கியக் காரணம், இதுபோல இன்னும் பல இருக்கின்றன. அவனுடைய ரத்தத்தில் என்ன பிழை என்று தெரிந்துவிட்டால், அந்த ஒன்று மட்டும் உங்கள் இருவரிடமும் இருக்கிறதா என்று பார்ப்பது எளிது, செலவும் குறைவு. உங்களில் ஒருவரிடம் இல்லை என்றாலே அந்தக் கவலையை விட்டுவிடலாம். வேலூர் சிஎம்சி போன்ற பெரிய மருத்துவமனைகளில் மரபணு ஆலோசனைப் பிரிவு இருக்கிறது, மூன்று தலைமுறைக் குடும்ப விவரத்தையும் பையனின் பழைய ரிப்போர்ட்டுகளையும் கையில் எடுத்துப் போங்கள். ரிசல்ட் வர வாரக்கணக்கில் ஆகும், அதனால் கருத்தரிப்பதற்கு முன்பே இதைத் தொடங்குவதுதான் நிதானமாக முடிவெடுக்க உதவும். அக்காவிடம் இதைக் கேட்கும்போது வார்த்தையில் கவனம் வேண்டும். அவர்மேல் பழி போடுகிறீர்கள் என்று அவருக்குத் தோன்றிவிடக் கூடாது. பரிசோதனை முடிவு அவர் அடுத்த குழந்தைக்கு யோசித்தாலும் உதவும், அதைச் சொல்லியே கேட்கலாம்.

அப்படியே இருவரிடமும் இருக்கிறது என்று தெரிந்தாலும் கதை முடிந்துவிடவில்லை. கர்ப்பத்தின் மூன்றாம் மாதத்தில் நஞ்சுக்கொடியிலிருந்து சிறிது திசுவை எடுத்துப் பார்க்க வழி இருக்கிறது. வேண்டாம், எந்தக் குழந்தையானாலும் எங்கள் குழந்தை என்று நீங்கள் முடிவெடுத்தாலும் அது உங்கள் உரிமை. குழந்தை பிறந்த ஒரு மாதத்துக்குள் காது பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி செய்வது, ஆறு மாதத்துக்குள் சிகிச்சையைத் தொடங்குவது என்று போனால் அந்தக் குழந்தை பேசிப் படித்து நன்றாக வரும். தமிழ்நாடு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குள் உள்ள குழந்தைகளுக்குக் காக்ளியர் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சை செய்கிறார்கள்.

காதைப் பற்றிப் பேசும்போது ரூபெல்லாவையும் சொல்லியாக வேண்டும். கர்ப்பத்தின் முதல் 12 வாரத்தில் அம்மாவுக்கு இந்தச் சாதாரணக் காய்ச்சல் வந்தால், பத்தில் எட்டு ஒன்பது குழந்தைகள்வரை பாதிக்கப்படலாம், காது, கண், இதயம் மூன்றையும் அது தாக்கும். 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் மீசில்ஸ்-ரூபெல்லா ஊசியை 9 மாதம் முதல் 15 வயது வரை எல்லோருக்கும் போட்டார்கள், உங்களுக்கு அப்போது 20-ஐ ஒட்டிய வயது, ஆகவே விடுபட்டிருப்பீர்கள். ரூபெல்லா ஐஜிஜி என்ற ஒரே ஒரு பரிசோதனை போதும். எதிர்ப்புச் சக்தி இல்லை என்று வந்தால் எம்எம்ஆர் ஊசி போட்டு ஒரு மாதம் கருத்தடையோடு இருங்கள். இந்த ஊசியைக் கர்ப்பத்தில் போட முடியாது, இப்போதுதான் போட முடியும். சின்னம்மை இதுவரை வரவில்லை என்றால் அதற்கும் ஊசி உண்டு, அதுவும் முன்கூட்டித்தான்.

ஒரே ரத்த வகை என்று பயப்படாதீர்கள். கணவன் மனைவி இருவரும் ஓ பாசிட்டிவாக இருப்பதால் குழந்தைக்கு ஒரு கெடுதலும் இல்லை, இது எங்கிருந்து கிளம்பியதோ தெரியவில்லை, வாரம் ஒருவராவது என்னிடம் கேட்கிறார்கள். கவனிக்க வேண்டியது மனைவி நெகட்டிவ், கணவர் பாசிட்டிவ் என்ற நிலை ஒன்றைத்தான், அதற்கும் ஆன்டி-டி ஊசி இருக்கிறது.

அடுத்து அந்த 7,500 ரூபாய் பேக்கேஜ். எடுக்காதீர்கள். டார்ச் என்பதில் பல கிருமிகளுக்கான பரிசோதனைகளை ஒன்றாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். அதில் ஐஜிஜி பாசிட்டிவ் என்று வந்தால் எப்போதோ அந்தக் கிருமி வந்து போயிருக்கிறது என்றுதான் பெரும்பாலும் அர்த்தம், நம் ஊரில் பாதிப்பேருக்கு மேல் ஏதாவது ஒன்று பாசிட்டிவாக வரும். அதைப் பார்த்துப் பயந்து, தேவையில்லாத மருந்தை மாதக்கணக்கில் விழுங்கி, முயற்சியையே தள்ளிப்போட்ட தம்பதிகளைப் பார்க்கும்போது எனக்குக் கோபமே வரும். அதில் உங்களுக்குத் தேவை ரூபெல்லா ஐஜிஜி மட்டும்தான். ஏஎம்எச் என்பது கருமுட்டைக் கையிருப்பைக் காட்டும் எண். இன்னும் முயற்சியே தொடங்காத 29 வயதுப் பெண் இயற்கையாகக் கருத்தரிப்பாரா மாட்டாரா என்பதை அந்த எண்ணால் சொல்ல முடியாது. குறைவாக வந்துவிட்டால் ஊசி, ஐவிஎஃப் என்று பேச்சு ஆரம்பித்துவிடும், நிம்மதி போய்விடும்.

உங்களுக்கு வேண்டியது இவ்வளவுதான்: முழு ரத்தப் பரிசோதனை, டிஎஸ்எச், சர்க்கரை, ரூபெல்லா ஐஜிஜி, ஹெபடைடிஸ் பி, எச்ஐவி, விடிஆர்எல் (சிபிலிஸ் என்ற பால்வினை நோய்க்கு), சிறுநீர். இவற்றில் பலவும் அரசு மருத்துவமனையில் இலவசம். எச்ஐவிக்கு நம்பிக்கை மையம் இருக்கிறது, விவரம் வெளியே போகாது. இதோடு டாக்டர் பிரஷர் பார்த்து, எடை பார்த்து, ஸ்டெதஸ்கோப் வைத்து இதயத்தைக் கேட்க வேண்டும். சிறுவயதில் மூட்டுக் காய்ச்சல் வந்து இதய வால்வு பாதித்தது தெரியாமலே இருந்து, ஏழாம் மாதம் மூச்சு வாங்கும்போது முதன்முதலாகக் கண்டுபிடிக்கும் பெண்கள் நம் நாட்டில் இன்னும் இருக்கிறார்கள். பல் சொத்தை, ஈறு வீக்கம் இருந்தால் அதையும் இப்போதே முடித்துவிடுங்கள்.

முழு ரத்தப் பரிசோதனையில் இரண்டு எண்களைப் பாருங்கள். ஒன்று ஹீமோகுளோபின், 12-க்கு மேல் இருக்க வேண்டும். நான் முன்பு சொன்ன அதே தேசியக் குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை, ஆகவே உங்களுக்கும் இருக்க வாய்ப்பு அதிகம். கர்ப்பத்தில் ரத்தம் நீர்த்து இன்னும் குறையும், ஏழு மாதத்தில் 8-ஐ வைத்துக்கொண்டு ஓடுவதைவிட இப்போது மூன்று மாதம் இரும்புச்சத்து மாத்திரை போட்டு ஏற்றிக்கொள்வது எவ்வளவோ எளிது. சாப்பிட்டவுடன் டீ குடிக்கும் பழக்கம் இருந்தால் விடுங்கள், அது இரும்பைச் சேரவிடாது. இரண்டாவது எண் எம்சிவி, ரத்தச் சிவப்பணுவின் அளவு. அது 80-க்குக் கீழே இருந்தால் இரும்புக் குறைவாக இருக்கலாம், தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோயின் மரபணுப் பிழை உங்களிடம் இருப்பதன் அடையாளமாகவும் இருக்கலாம். எச்பிஎல்சி என்ற பரிசோதனை அதைச் சொல்லிவிடும். சொந்தத்தில் கல்யாணம் என்பதால் உங்கள் விஷயத்தில் அதை விடக் கூடாது. உங்களுக்கு இல்லை என்றால் கணவருக்குப் பார்க்கவே தேவையில்லை, இருந்தால் அவருக்கும் உடனே பார்க்க வேண்டும், இருவரிடமும் இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு தலசீமியா நோய் வர.

சர்க்கரைக்கு வெறும் எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள், இரும்புக் குறைவு இருந்தால் அது உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். வெறும் வயிற்றில் ஒன்று, 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று என்று பார்ப்பது நல்லது. வீட்டில் அப்பா, அம்மாவுக்குச் சர்க்கரை இருந்தால் இதைக் கண்டிப்பாகச் செய்யுங்கள்.

உங்கள் கணவருக்கு. தம்பி, இந்தப் பத்தியை நீங்களே படியுங்கள். உங்களிடம் குறை தேடி யாரும் கூப்பிடவில்லை. விந்துப் பரிசோதனைகூட இப்போது தேவையில்லை. ஒரு வருடம் முயன்றும் உண்டாகவில்லை என்றால்தான் அது. இப்போது வேண்டியது பிரஷர், சர்க்கரை, எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, விடிஆர்எல், அப்புறம் பத்து நிமிடப் பேச்சு. ஒரு விந்தணு உருவாகி முதிர இரண்டரை மாதம் ஆகிறது, அதனால் தையில் முயற்சி செய்ய வேண்டுமென்றால் புகையிலையை இப்போதே விட வேண்டும். புகையிலை விந்தணுவின் எண்ணிக்கையையும் ஓட்டத்தையும் குறைக்கும். பீடி சிகரெட் என்றால் அந்தப் புகை கர்ப்பிணி மனைவிக்கும் போகும். வேனில் மணிக்கணக்கில் சூட்டில் உட்காருவதைத் தவிர்க்க முடியாது, ஆனால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி நடக்கலாம். ஜிம்மில் உடம்பு ஏற்ற யாராவது ஊசி போடச் சொன்னால் தொடவே தொடாதீர்கள், டெஸ்டோஸ்டிரோன் ஊசி விந்தணு உற்பத்தியையே நிறுத்திவிடும். குழந்தை தாமதமாகும் தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப்பேரில் ஆணின் பக்கமும் ஒரு காரணம் இருக்கிறது, ஆனால் ஆஸ்பத்திரி வாசலில் வருடக்கணக்காக நிற்பது பெண் மட்டும்தான். முதல் நாளே நீங்களும் கூட வந்தால் அவருக்குப் பாதிப் பயம் போய்விடும்.

முயற்சியைத் தொடங்கும்போது 14-ம் நாள் கணக்கைப் பார்க்காதீர்கள் அம்மா. அது 28 நாள் சுழற்சிக்கு. 40 நாள் சுழற்சியில் கருமுட்டை 26-ம் நாளை ஒட்டித்தான் வெளிவரும், தைராய்டு சரியானதும் அந்த நாளும் மாறும். நாள் குறித்துக்கொண்டு பரீட்சை மாதிரி ஆக்காமல், இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை சேர்ந்திருந்தாலே போதும், விந்தணு உள்ளே ஐந்து நாள்வரை உயிரோடு இருக்கும். 100 தம்பதிகளில் 80-க்கு மேற்பட்டவர்களுக்கு ஒரு வருடத்துக்குள் உண்டாகிவிடும், அதனால் இரண்டாவது மாதமே “விசேஷம் இல்லையா” என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. தைராய்டு சரியான பிறகும் பீரியட்ஸ் 35 நாளைத் தாண்டிக்கொண்டே இருந்தால் மட்டும் ஒரு வருடம் காத்திருக்காமல் முன்பே வாருங்கள், கருமுட்டை ஒழுங்காக வெளிவருகிறதா என்று பார்க்க வேண்டும்.

நாள் தள்ளிப் போனால் நான்கு நாளிலேயே வீட்டில் சிறுநீர்ப் பரிசோதனை செய்துவிடுங்கள். இரண்டு கோடு வந்தால் அன்றைக்கே டிஎஸ்எச் கொடுத்து, உங்கள் டாக்டருக்குப் போன் செய்யுங்கள். கர்ப்பம் உறுதியானதும் தைராய்டு மாத்திரையின் அளவைப் பெரும்பாலும் கூட்ட வேண்டிவரும், எவ்வளவு கூட்டுவது என்பதை முயற்சி தொடங்கும் முன்பே அவரிடம் கேட்டுச் சீட்டில் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு அவர் ஊரில் இல்லாமல் போனாலும் நீங்கள் காத்திருக்க வேண்டியிருக்காது.